ஆள் குடியிருக்கும் வீட்டை விற்றுக் கொடுத்த மடிப்பாக்கம் புரோக்கர்: எங்கள் அனுபவம்

வீட்டைக் காலி பண்ணிப் பூட்டி, சாவியைப் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு விற்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. அதே வீட்டில் சமைத்து, தூங்கி, பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டே அதை விற்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். பழைய வீட்டுப் பணம் வந்தால்தான் புது வீட்டுக்குக் கட்ட முடியும், நடுவில் வாடகைக்குப் போய் இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்கக் கட்டுப்படியாகாது, வயதானவர்களை அலைக்கழிக்கவும் மனசு வராது, இப்படி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான். தென்சென்னையில், மடிப்பாக்கத்தில் முதல் மாடி, இரண்டு பெட்ரூம் ஃபிளாட். வீட்டில் நான், கணவர், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள், மாமியார்.

இரண்டு சேவைகளைப் பயன்படுத்தினோம். ஒன்று, பணம் கட்டி விளம்பரம் போடும் ஆன்லைன் தளம். இன்னொன்று, எங்கள் ஏரியாவிலேயே பல வருடமாக வீடு, மனை முடித்துக் கொடுக்கும் புரோக்கர். தளத்துக்கு 5-க்கு 2 கொடுப்பேன், புரோக்கருக்கு 5-க்கு நாலரை. அவர் தன் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை, தளத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

தளத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அவர்கள் அனுப்பிய போட்டோகிராபர் நன்றாகப் படம் எடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. விளம்பரம் ஏறியதிலிருந்து போன் ஓயவில்லை, ஆனால் பேசியவர்களில் வீடு வாங்குகிறவர்கள் குறைவு. வேறு புரோக்கர்கள், ஹோம் லோன் விற்கிறவர்கள், இன்டீரியர்காரர்கள், வீடே இன்னும் விலை போகவில்லை அதற்குள் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். உண்மையாக வாங்க நினைத்தவர்களும் "பக்கத்துலதான் இருக்கோம், அஞ்சு நிமிஷத்துல வரலாமா" என்றுதான் கேட்டார்கள், அதுவும் இரவு எட்டரைக்கு, தட்டில் தோசை இருக்கும்போது. வருகிறவர்களைப் பற்றி ஒரு போன் நம்பரைத் தவிர எங்களுக்கு எதுவும் தெரியாது. ஒருவர் உள்ளே வந்ததும் செல்போனை எடுத்து வீடியோ பிடித்தபடியே அறை அறையாக நடந்தார். மகள் அவள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள், கேமரா அவள் மேலேயும் போனது. நிறுத்தச் சொன்னால், "வீட்ல காட்டணும்ல மேடம்" என்கிறார். தளத்தில் புகார் சொன்னோம். வந்து போகிறவர்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை, விதிமுறையிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். வயசுப் பெண்ணும் வயதானவரும் இருக்கும் வீட்டுக்குச் சரிப்படாது என்று கணவர் அன்றைக்கே விளம்பரத்தை எடுத்துவிட்டார். கட்டிய பணம் திரும்பவில்லை.

அப்புறம்தான் இந்தப் புரோக்கர். தெருமுனை மளிகைக்கடைக்காரர் சொல்லி வந்தவர். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் சதுர அடி எவ்வளவு, யூடிஎஸ், அதாவது மனையில் நம் பங்கு, எவ்வளவு என்று ஆரம்பிப்பார் என நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க? பெரியவங்க மதியம் எத்தனை மணிக்குப் படுப்பாங்க? பொண்ணு எத்தனாவது? டியூஷன் எப்போ?" எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். பிறகு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தபடி, சனிக்கிழமை 4 முதல் 6, ஞாயிற்றுக்கிழமை 10 முதல் 12, இந்த இரண்டு நேரத்தில் மட்டும்தான் ஆள் கூட்டி வருவேன் என்றார். சனிக்கிழமை 9 முதல் 10.30 ராகு காலம், 1.30 முதல் 3 எமகண்டம். ஞாயிறு 12 முதல் 1.30 எமகண்டம், 4.30 முதல் 6 ராகு காலம். நாங்கள் பார்க்கிறோமோ இல்லையோ, வீடு பார்க்க வருகிறவர்கள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், அதைக் கழித்து, மாமியார் தூங்கும் நேரத்தையும் கழித்து, மீதியை எங்களுக்குக் கொடுத்தார். இந்த ஒரு ஏற்பாட்டினாலேயே வாரத்தின் மற்ற நாட்களில் எங்கள் வீடு எங்கள் வீடாகவே இருந்தது. காலையில் காபி டம்ளர் ஹாலில் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட முடிந்தது. வீடு விற்பனையில் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, காலிங் பெல் சத்தத்துக்கெல்லாம் பதறி எழுந்து ஹாலைப் பெருக்கியவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் குழம்பு. இதைச் சொன்னபோது, சமைக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஞாயிறு காலைக்கு அதைப் பொருட்படுத்தாத பார்ட்டிகளையும், சைவக் குடும்பங்களைச் சனிக்கிழமை மாலைக்கும் ஒதுக்கினார். வேறு ஒரு புரோக்கர் எங்கள் கீழ் வீட்டுக்காரர்களிடம், விற்கிற வரைக்கும் அசைவமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அவர்களும் மாதக்கணக்கில் அப்படியே இருந்திருக்கிறார்கள். குடியிருக்கிறவர்கள் வாழ்க்கையை நிறுத்திவைத்தால்தான் வீடு விற்கும் என்று நினைப்பவர்களிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்னால் பார்ட்டியிடம் அவர் முக்கால்வாசி பேசி முடித்துவிடுவார். வாசல் தெற்குப் பார்த்தது, லிஃப்ட் கிடையாது, கார் பார்க்கிங் ஒன்றுதான், அட்டாச்டு பாத்ரூம் சீலிங்கில் மேல் வீட்டுக் கசிவு இருந்து சரிசெய்த அடையாளம் இருக்கிறது, பட்ஜெட் இவ்வளவு, பேங்க் லோன் என்றால் எவ்வளவு வரை கிடைக்கும் என்று பேங்க்கில் கேட்டாயிற்றா, இத்தனையும் அவர் ஆபீஸிலேயே முடிந்துவிடும். தளம் மூலம் வந்த காலத்தில் செருப்பைக் கழற்றும் முன்பே, "ஓ, தெற்கு வாசலா" என்று திரும்பியவர்கள் உண்டு. அவர்களுக்காக நாங்கள் வீட்டைத் துடைத்து, கொடியில் காய்ந்த துணியை அள்ளி உள்ளே போட்டு, மாமியாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்கார வைத்திருப்போம். புரோக்கர் கையில் வந்த பிறகு வருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது, வந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்.

மடிப்பாக்கம் என்றாலே எல்லோரும் கேட்கும் கேள்வி தண்ணீர். 2015 டிசம்பரில் எவ்வளவு ஏறியது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எவ்வளவு நின்றது. தென்சென்னையில் வீடு விற்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. எங்கள் தெருவில் இரண்டு தடவையும் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை, பார்க்கிங்கில் வந்தது. புரோக்கர் இதை மழுப்பவே இல்லை. பார்ட்டியை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே காம்பவுண்டு சுவர் பக்கம் கூட்டிப்போய், மங்கலாக இன்னும் தெரியும் அந்தப் பழுப்புக் கோட்டைக் கையால் தொட்டுக் காட்டுவார். "இதான் சார் மிக்ஜாம். இதுக்கு மேல ஏறல. வண்டிய மட்டும் மெயின் ரோட்டுல போட்டுருங்க." கோட்டைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். மேலே வந்தவர்கள் தண்ணீரைப் பற்றி எங்களைக் குடையவில்லை. ஒவ்வொரு வாரமும் அதே வெள்ளக் கதையைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, நம்பினார்களா இல்லையா என்று தவிக்கும் வேலை எங்களுக்கு மிச்சம். மெட்ரோ விஷயத்திலும் அப்படித்தான். மாதவரம் முதல் சோழிங்கநல்லூர் வரையிலான ஐந்தாவது வழித்தடம் எங்கள் பக்கம் போகிறது, மேடவாக்கம் மெயின் ரோட்டில் வேலை நடப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் வருவார்கள். எந்த வருடம் ரயில் ஓடும் என்று கேட்டால், "அத நம்பி வாங்காதீங்க, வந்தா உங்களுக்கு லாபம்" என்பார்.

வீட்டுக்குள் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நாலரை கொடுத்ததே அதற்காகத்தான். பார்ட்டிகளுக்குக் காட்ட அவர் படம் எடுத்தபோது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்த மகளின் ஸ்கூல் டைம்டேபிளை முதலில் எடுக்கச் சொன்னார். அதில் பள்ளிக்கூடத்தின் பெயர், டியூஷன் நேரம் எல்லாம் இருந்தது. குடும்பப் படங்கள், மகள் வாங்கிய கோப்பைகள், கணவரின் ஆபீஸ் ஐடி தொங்கும் ஆணி, இவை எதுவும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டார். பூஜை அறையைப் படமே எடுக்கவில்லை. வருகிறவர்கள் போட்டோ, வீடியோ எடுக்கக் கூடாது, வேண்டுமென்றால் தன்னிடம் இருப்பதை அனுப்புவேன் என்று படிக்கட்டிலேயே சொல்லிவிடுவார். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிகளும் விற்பனையில் அடங்கும் என்பதால் அவற்றைத் திறந்து பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான், ஆனால் உள்ளே இருப்பது நம் துணிமணி. அதற்கு ஒரு வழி சொன்னார்: ஒரு அலமாரியை மட்டும் காலி செய்து வையுங்கள், அதைத் திறந்து காட்டுகிறேன், மற்றதெல்லாம் அதே மரம், அதே வேலை. நகையையும் அசல் பத்திரங்களையும் முதல் வாரமே பேங்க் லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார். பத்திரம் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே பேனாவால் எழுதித் தேதி போட்ட ஜெராக்ஸ்தான். அசல் வக்கீல் ஆபீஸில் மட்டும், எங்கள் முன்னிலையில். ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நம் வீட்டு ஃபைலைத் தூக்கி ஹாலில் பரப்ப வேண்டியதில்லை.

மாமியார் விஷயத்தில் அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மாமனார் இருந்த வீடு. வருகிறவர்கள் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு இந்தச் சுவரை இடிக்கலாம், இந்த மேடையை எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன் போடலாம் என்று பேசுவார்கள், ஒருவர் செல்போனைத் தரையில் வைத்து, திசைகாட்டியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்னி மூலை சரியில்லை, அடுப்பு இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும் என்றார். பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார், வருடக்கணக்காக அந்த அடுப்பில் சமைத்தவர். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. "இந்த வீட்ல யாராவது தவறியிருக்காங்களா" என்ற கேள்வியும் வந்துவிடும், அவர் காதுபட. இதையெல்லாம் புரோக்கரிடம் நான்தான் போனில் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் வாசலில் நின்று முதலில் மாமியாரிடம்தான் பேசினார். "அம்மா, ஒரு குடும்பம் வந்திருக்காங்க, உள்ள கூட்டிட்டு வரட்டா?" அவர் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் உள்ளே. கூட வந்தவர்களும் அதைப் பார்த்து, ஒரு வணக்கம் சொல்லி, குரலைத் தணித்துப் பேசினார்கள். இறந்தவர்களைப் பற்றிய கேள்விக்கு ஆபீஸிலேயே பதில் சொல்லிவிடுவார். இடிப்பது, மாற்றுவது பற்றிய பேச்செல்லாம் கீழே பார்க்கிங்கில். மாமியாருக்கு அதன் பிறகு இந்த விற்பனையில் தனக்கும் ஒரு சொல் இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. காற்று எந்தப் பக்கம் வரும், போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வருமா, இதெல்லாம் அவரே வருகிறவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

மார்ச் மாதம் பொதுத்தேர்வு. தேர்வு முடியும் வரை ஒருவரையும் கூட்டி வரவில்லை. அந்தச் சமயத்தில் நல்ல விலைக்கு ஒரு பார்ட்டி ஆர்வமாக இருந்தது, காத்திருக்க முடியாமல் கீழ்க்கட்டளையில் வேறு வீடு பார்த்துவிட்டார்கள். கமிஷன் போகிறதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்களையும் நெருக்கவில்லை. தேர்வெழுதும் பிள்ளை இருக்கும் வீட்டை அந்த மாதம் விட்டுவிட வேண்டும் என்பதை நாம் சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனி மாதத்தில் பேச்சு சூடு பிடித்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வாங்குகிறவர் நம் விலையோடு நிற்பதில்லை, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மேலே 9 சதவீதம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருவார். 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது. இந்தச் சுமையைக் குறைக்க, பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் புரோக்கர் அப்படிப்பட்டவர்களை வீட்டுக்கே கூட்டி வரவில்லை. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது, மாட்டிக்கொள்வது விற்பவர்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தருவார் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். கடைசி நாளில் செக் தொகை குறைகிறதே என்று திகைக்க வேண்டியிருக்கவில்லை.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கியதும் ஆள் வரத்து நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பேங்க் வேல்யூவர் வருவார், டேப்பால் அளப்பார். வாங்குகிறவரின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து பார்ப்பார்கள். அப்புறம் வாஸ்து பார்ப்பவர், தச்சர், பெயின்டர். பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை, வீடு இன்னும் நம் பெயரில், நாம்தான் குடியிருக்கிறோம், ஆனால் வருகிறவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வருகிற தோரணையில் வருவார்கள். இந்தக் கட்டம்தான் எனக்கு அதிகச் சங்கடமாக இருந்தது. இங்கேயும் அவர் குறுக்கே நின்றார்: பழைய நேரங்கள்தான், அளவெடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில், பத்திரம் முடியும் வரை சுவரில் ஆணி கூட அடிக்கக் கூடாது. வாங்கிய குடும்பம் நல்ல குடும்பம், புரிந்துகொண்டார்கள். ஆடி முழுவதும் எங்களுக்கு மூட்டை கட்டக் கிடைத்தது, பதிவை ஆவணியில் வைத்துக்கொண்டோம்.

அரை மார்க் எதற்குக் குறைத்தேன் என்றால், அவருக்கும் எங்களுக்கும் நடுவில் எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. கமிஷனுக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முதலில் அவர் சொன்ன விலை எங்கள் எதிர்பார்ப்பைவிடக் குறைவு, அதிலிருந்து ஏற்றுவதற்கு நாங்கள் அக்கம்பக்கத்தில் விற்ற விலைகளை எடுத்து வைத்துப் பேச வேண்டியிருந்தது. அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம் உதவியாளர் பையனை அனுப்பினார், அவன் பார்ட்டியை உள்ளே விட்டுவிட்டு வாசலிலேயே போன் பேசிக்கொண்டிருந்தான். சொன்னோம், திரும்ப அனுப்பவில்லை. பேங்க் சம்பந்தப்பட்ட காகிதங்களில் அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. எங்கள் பழைய ஹோம் லோன் முடிந்து, மோட், அதாவது கடனுக்காகப் பத்திரத்தைப் பேங்க்கில் ஒப்படைத்த பதிவு, அதை ரத்து செய்த ரசீது பதிவாகியிருக்கிறதா என்பதை வக்கீல்தான் பார்த்தார். அது ஈசியில் ஏறவில்லை என்றால் கடன் இன்னும் இருப்பதாகவே காட்டும், அந்தக் காகிதத்தை நீங்களே முதலில் தேடி வைத்துவிடுங்கள்.

கமிஷன் 2 சதவீதம் கேட்டார், 1 சதவீதத்துக்குப் பேசி முடித்தோம். டோக்கன் அன்று ஒரு ரூபாய் கேட்கவில்லை, பத்திரம் பதிவான அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் பேங்க் டிரான்ஸ்பராக வாங்கிக்கொண்டார். சாவி கொடுப்பதை மட்டும் பதிவு நாளிலிருந்து ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி, அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தது அவர் யோசனை. அந்த ஒரு வாரத்துக்கு வாங்கியவர்கள் வாடகை கேட்கவில்லை, நாங்களும் ஃபேன்கள், கீசர், சமையலறைச் சிம்னி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.